தண்டவாளம் போடுமுன் பட்டி பாருங்கள்

அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி வட்டாரத்தில் வீட்டுக்குள் குட்டி ரயில் ஓட்டுகிற எல்லோருக்கும்,



உங்களில் சிலர் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலும் ஆவடி மின்ரயில் பணிமனையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள். சிலர் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். இன்னும் சிலர் நவராத்திரிக் கொலுவில் பார்க் கட்டும்போது பேட்டரி ரயில் ஒன்றைச் சுற்றவிட்டு, விஜயதசமி முடிந்த பிறகும் அதைப் பெட்டியில் கட்டி வைக்க மனம் வராமல் இந்தப் பக்கம் வந்தவர்கள். உங்கள் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். தெர்மோகோல் பலகையை ஒட்டி முடித்த கையோடு தண்டவாளத்தைப் போடாதீர்கள். அந்தப் பரப்பை இழைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, ஒரு கை பெயிண்டும் அடித்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

இன்ஜினுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறவர்கள் நீங்கள். ஐ.சி.எஃப். பெட்டிக்குச் சரியான நீலம் அமையும்வரை கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள். அடியில் கிடக்கும் பலகைக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. பசை காய்வதற்குள் தண்டவாளம் ஏறிவிடுகிறது. மேடுபள்ளத்தின் மேல் புல்லுக்கான பச்சைத்தூள் விழுந்துவிடுகிறது. பிறகு ஒரே இடத்தில் ஒரே பெட்டி மறுபடி மறுபடி தடம் புரள்கிறது. சக்கரத்தை மாற்றிப் பார்க்கிறீர்கள், பெட்டிக்குள் எடை வைக்கிறீர்கள், வேகத்தைக் குறைக்கிறீர்கள். குறை அங்கே இல்லை, அடியில் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது ஹெச்.ஓ. அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. இந்த அளவில் சக்கரத்தைத் தண்டவாளத்தோடு பிடித்து வைக்கிற உள்விளிம்பின் ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. இடப்பக்கத் தண்டவாளம் சில அங்குல நீளத்துக்குள் அரை மில்லிமீட்டர் இறங்கி, வலப்பக்கம் இறங்காமல் நின்றால், ஒரு போகியின் நான்கு சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் தொங்கும். வளைவில் அப்படி நேர்ந்தால் அந்தச் சக்கரம் தண்டவாளத்தின் மேலேறி வெளியே போய்விடும். இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கிய பள்ளம் வேறு வகைத் தொல்லை. பெட்டி புரளாது, கொக்கி மட்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் கழன்று பாதி ரயில் பின்தங்கிவிடும்.

நிஜ ரயில்வே இதற்கென்றே ஒரு படையை வைத்திருக்கிறது. தடத்தின் அகலம், நேர், உயர ஏற்றத்தாழ்வு, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான முறுக்கு எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்து பதிவு செய்கிறார்கள். அளக்க இப்போது வண்டியே இருக்கிறது. ஆனாலும் தடப் பராமரிப்பாளர்கள் வேலை செய்யும்போது பிளாட்பாரத்தில் நின்று கவனித்திருப்பீர்கள். கூட்டத்தில் மூத்தவர் குனிந்து, கன்னம் தண்டவாளத்தைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, ஒற்றைக் கண்ணால் தூரம்வரை பார்ப்பார். கையை அசைத்து, இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்வார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதேதான், ஆனால் பலகை வெறும் பலகையாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். அவர்கள் ஜல்லியைக் கிளறித் தடத்தை எப்போது வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். நமக்கு ஒட்டியது ஒட்டியதுதான்.

நம் வட்டாரத்துக்கு இதில் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. வெளிநாட்டுக் குட்டி ரயில் லேஅவுட் படங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் முதலில் மலை கட்டுகிறார்கள், மலைக்குள் ஒரு குகை, குகைக்குள் ஒரு வளைவு. மலை எதையும் பொறுத்துக்கொள்ளும். கத்தி தவறி இறங்கினால் அது பாறை வெடிப்பு, பட்டி கட்டிதட்டினால் அதுவும் பாறை. நம் வாசலில் ஓடும் தடம் அப்படிப்பட்டதல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது, இதே ஆவடி வழியாகத்தான். அந்தத் தடத்தில் சென்னையிலிருந்து அரக்கோணம் வரைக்கும் ஒரு குகைகூடக் கிடையாது. ஏரி, ஏரிக்கரை, பனை, சீமைக்கருவேலம், வயலாக இருந்து மனையாகிப்போன திடல், தொழிற்பேட்டைச் சுவர், இவையே நம் காட்சி. இதைக் கட்டுங்கள் என்று உங்களிடம் மன்றாடிக் கேட்பேன். ஆல்ப்ஸ் மலையைக் கட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பட்டாபிராமைக் கட்ட நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பார்க்கத் தட்டையாகத் தெரியும் இந்த நிலம் முழுத் தட்டையும் இல்லை. நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பார்கள். மேற்கே போகப் போக அந்த எண் ஏறும். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் சுமார் 69 கிலோமீட்டர், அந்தத் தூரத்துக்குள் நிலம் 80 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சொச்சம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கிழக்கே கொரட்டூர் ஏரிக்கு இறங்குவது இந்தச் சரிவின் தயவால்தான். ஏரிகளை வெட்டியவர்களுக்கு இந்தச் சரிவு அத்துப்படி. இப்போது மேசைக்கு வாருங்கள். 3 மீட்டர் நீளப் பலகையில் நம் ஊரின் உண்மையான சரிவு 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். இரண்டு தெர்மோகோல் பலகைகள் சேருகிற இடத்தில் சாதாரணமாகத் தெரியும் படி 2 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது நீங்கள் தேய்க்காமல் விட்ட ஒரே ஒரு இணைப்பு, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இல்லாத ஒரு மலையை எழுப்பிவிடுகிறது. பச்சைத்தூளால் அதை மூட முடியாது. சாய்ந்த வெளிச்சம் பட்டால் காட்டிக்கொடுத்துவிடும், மேலே ரயில் ஓடினால் அதைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே பலகையிலிருந்தே தொடங்குகிறேன்.

டி.வி. பெட்டியோடு வரும் வெள்ளைத் தெர்மோகோல் மணி மணியாக ஒட்டிய பொருள். அதில் உப்புத்தாள் போட்டால் தேயாது, மணி மணியாகப் பிய்ந்து வரும். மலைக்கும் மேட்டுக்கும் அதுவே போதும். தடம் ஓடும் பரப்புக்கு எக்ஸ்.பி.எஸ். பலகை வாங்குங்கள். நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் வரும், மொட்டைமாடி வெப்பத்தடுப்பு வேலையும் குளிர்பதனக் கிடங்கு வேலையும் செய்கிறவர்களிடம் கிடைக்கும். இரண்டும் பாலிஸ்டைரீன்தான். ஆனால் இது உருக்கிப் பிதுக்கிய பலகை என்பதால் உள்ளே அறைகள் பொடியாக, மூடியபடி இருக்கின்றன. மரத்தைப் போலவே தேய்க்கலாம். பணம் குறைவாக இருந்தால் அடியடுக்கு முழுவதும் வெள்ளைத் தெர்மோகோல் வைத்து, மேல் 25 மில்லிமீட்டருக்கு மட்டும் எக்ஸ்.பி.எஸ். போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வழியே நல்லது.

எக்ஸ்.பி.எஸ். பலகையின் மேல்தோல் பளபளவென்று இருக்கும், அதில் பசையும் பட்டியும் பிடிக்காது. 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் முதலில் அந்தப் பளபளப்பை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஃபெவிகால். ஃபெவிகாலில் உள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது காயும். இரண்டு பலகைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழி இல்லாமல் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஆகவே முழுப்பரப்பிலும் தடவாமல் கோடு கோடாகத் தடவி, மேலே புத்தகக் கட்டுகளை ஏற்றி, அவசரப்படாமல் விடுங்கள். செருப்புக்கும் சன்மைக்காவுக்கும் பயன்படும் மஞ்சள் ரப்பர் பசை கூடவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். இன்னொன்று, இது முக்கியம்: பலகையின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் பசை படாமல் விடுங்கள். ஏன் என்பதைத் தேய்க்கும் கட்டத்தில் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் 12 மில்லிமீட்டர் பிளைவுட் மேல் ஒட்டிவிட்ட பிறகே மேல்வேலையைத் தொடங்குங்கள். வெறும் தெர்மோகோலைத் தூக்கினால் வளையும், வளைந்தால் மேலே பூசிய பட்டி விரிசல் விடும். பலகை வெப்பத்துக்கும் அசையும். 2 மீட்டர் பலகை 10 டிகிரி ஏற்றத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும், அதன் மேல் கிடக்கும் உலோகத் தண்டவாளம் அதில் நாலில் ஒரு பங்குகூட நீளாது. ஷீட் கூரைக்கு அடியில் லேஅவுட் வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை மதியமும் மார்கழி இரவும் இந்த வித்தியாசத்தைக் காட்டும். பிளைவுட் இதைக் கட்டுப்படுத்தும்.

வெட்டுவதற்கு நைக்ரோம் கம்பி நல்லது. 12 வோல்ட் மின்மாற்றி வைத்துச் சூடாக்குங்கள், வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுக்கவே கூடாது. கம்பி செக்கச் செவேல் என்று சிவக்க வேண்டியதில்லை, பலகைக்குள் தானாக நழுவிப் போகும் சூடு போதும். அதிகச் சூட்டில் வெட்டு அகன்று அலை அலையாகும், புகையும் கிளம்பும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. கொலு பார்க்கில் பிள்ளைகள் ஊதுபத்தியால் தெர்மோகோலில் ஓட்டை போடுவார்களே, அந்தப் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். அதே புகைதான் அங்கேயும் வருகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பெரியவர்கள் யாராவது கூட இருந்து செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் அலுமினிய மட்டப்பலகை ஒன்றை இரவல் வாங்குங்கள், ஆறடி இருந்தால் உத்தமம். ரசமட்டம் ஒன்று. நீளமான லேஅவுட்டுக்குத் தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய். முதலில் மேசையை மட்டம் பாருங்கள், அதற்கப்புறம் பலகையை. மேசையே சரிந்திருந்தால் மேலே செய்வதெல்லாம் வீண்.

மட்டப்பலகையைத் தடம் போகும் கோட்டில் நிறுத்திப் பார்த்தால், அடியில் வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் பள்ளம், மட்டப்பலகை ஆடுகிற இடம் மேடு. பென்சிலால் பரப்பு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிடுங்கள். ஓரடி நீள மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். கட்டை நீளமாக இருப்பது அவசியம். கையால் பிடித்துத் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கிப் பள்ளத்தை இன்னும் பள்ளமாக்கும். நீளக்கட்டையோ பள்ளத்தைத் தாண்டிப்போய் மேட்டை மட்டும் அறுக்கும். பென்சில் கோடு அழிந்த இடம் மேடாக இருந்தது, கோடு மிச்சம் இருக்கிற இடம் பள்ளம். முழுக் கோடும் அழியும்வரை தேய்த்துக்கொண்டே போகாதீர்கள், பலகை மெலிந்துவிடும். பெரும்பகுதி அழிந்ததும் நிறுத்துங்கள், மிச்சத்தைப் பட்டி பார்த்துக்கொள்ளும். 80-இல் தொடங்கி 120, கடைசியில் 220. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தப்பியது எல்லாம் நிழல் போட்டுக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்த ஓர் அங்குல விஷயம். காய்ந்த ஃபெவிகால் தெர்மோகோலைவிடக் கடினம். இணைப்பில் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தால், உப்புத்தாள் இரண்டு பக்கமும் இருக்கும் மென்மையான பலகையைத் தின்றுவிட்டுப் பசைக்கோட்டை அப்படியே விட்டுவிடும். எத்தனைக்கெத்தனை தேய்க்கிறீர்களோ அத்தனைக்கத்தனை அந்தக் கோடு வரப்பாக எழும்பும். பட்டிக்கும் இதே கதை. ஒரு குழியை மட்டும் வெள்ளை சிமென்ட் பட்டியால் அடைத்துவிட்டுத் தேய்த்தால், அடைத்த இடம் மேடாகவும் சுற்றிலும் வட்டமாகப் பள்ளமாகவும் ஆகிவிடும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தேய்க்கப் போகிற பரப்பு முழுக்க ஒரே கடினத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒட்டுப்போடுகிற மாதிரி பட்டி பூசாதீர்கள். குழியை அடைத்துக் காயவிட்டு, அதன் பிறகு தடம் போகும் பாதை முழுவதற்கும், இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலம் சேர்த்து, மெல்லிய ஒரே பூச்சாக இழுத்துவிடுங்கள். அதற்கப்புறம் உப்புத்தாள் தொடுவது பட்டியை மட்டும்தான், பலகையை அல்ல.

பட்டி எது? வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை சிமென்ட் பட்டி மலிவு, நம் எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். தண்ணீரோடு கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்து, தோசை மாவைவிடக் கெட்டியாகக் கலந்துகொள்ளுங்கள். ஒரு பூச்சு ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தடிமனாக இழுத்தால் மேல் காய்ந்து உள் ஈரமாக இருந்து வெடிக்கும். கலந்து வரும் அக்ரிலிக் பட்டி விலை கூடுதல், ஆனால் தேய்ப்பதற்கு மென்மை, பலகையோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். தடத்துக்கு அடியில் அக்ரிலிக், மற்ற இடத்தில் சிமென்ட் பட்டி என்று பிரித்துக்கொள்வதே என் யோசனை. பட்டித் தகடு அகலமாக இருக்கட்டும், ஆறு அங்குலத்துக்குக் குறையவேண்டாம். முதல் பூச்சைத் தடத்தின் நீளவாக்கில் இழுங்கள், இரண்டாவதைக் குறுக்காக.

ஐ.சி.எஃப். பெரியவர்களே, இதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எஃகுப் பெட்டியின் பக்கச் சுவருக்கு பிரைமர் அடித்து, பட்டி இழுத்து, தேய்த்து, மறுபடியும் பார்த்து, அதன் பிறகு வண்ணம் ஏற்றும் முறை உங்கள் கைக்குப் பழகியது. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்த அந்தத் தொழிற்சாலையில் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைகள் நம் தெருக்களில் இருக்கின்றன. மாடியில் லேஅவுட் கட்டுகிற பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு மதியம் ஒதுக்கி, தகட்டை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். எழுத்தில் எவ்வளவு விரித்தாலும் அந்தச் சாய்வு வராது.

பூந்தமல்லிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பரம்பாக்கம் பக்கத்து ஃபிலிம் சிட்டியில் சினிமா செட் போடுகிறவர்கள் உங்கள் ஊரிலேயே குடியிருக்கிறார்கள். தெர்மோகோலைச் செதுக்கி, துணி ஒட்டி, மேலே பூச்சுப் பூசி, கருங்கல் தூண் என்று கேமராவே நம்பும்படி செய்கிறவர்கள் அவர்கள். அந்தத் துணி வித்தை நமக்கு ஏரிக்கரைக்கும் மேட்டுச் சரிவுக்கும் தேவை. பழைய வேட்டித் துணியை ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கரைசலில் நனைத்துப் பிழிந்து, சரிவின் மேல் சுருக்கமில்லாமல் போர்த்துங்கள். காய்ந்ததும் அது தோலாகிவிடும், மேலே பூசும் பட்டி விரிசல் விடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் மாவுக்கட்டுத் துணியும் இதற்கு உதவும். தண்ணீரில் முக்கிப் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும்.

தடம் ஏறிப் போகும் மேட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், பலர் அதைச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். மண் அப்படி நிற்காது. ரயில்வே மண்மேட்டுக்கு வழக்கமான சரிவு, ஒரு பங்கு உயரத்துக்கு இரண்டு பங்கு அகலம். இரண்டு மீட்டர் உயர மேடு நம் அளவில் 23 மில்லிமீட்டர் வரும், ஒவ்வொரு பக்கமும் சரிவுக்கு 46 மில்லிமீட்டர் விடவேண்டும். இந்த அகலத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் லேஅவுட் பார்த்த மாத்திரத்தில் நம் ஊராகத் தெரியும். ஜல்லிப் படுக்கை 300 மில்லிமீட்டர் என்றால் நமக்கு மூன்றரை மில்லிமீட்டர், ஆக 3 மில்லிமீட்டர் கார்க் ஷீட் சரியாக இருக்கும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், இந்த அளவில் அது 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். கடையில் விற்கும் 16.5 மில்லிமீட்டர் தடம் அதைவிடக் குறுகல். அந்தக் குறையை நம்மால் சுலபமாகச் சரிசெய்ய முடியாது. நிலத்தின் வடிவமாவது சரியாக இருக்கட்டும்.

லேஅவுட்டில் ஏரி வெட்டுகிறவர்கள் அடிமட்டத்தை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டே மேலே போகவேண்டும். தண்ணீருக்குப் பதிலாக ரெசின் ஊற்றினால் அது தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும், சரிந்த ஏரியில் ஒரு கரை மூழ்கி மறு கரை காய்ந்து நிற்கும். ஊற்றுமுன் அடியையும் கரையின் உட்புறத்தையும் பட்டியாலும் பெயிண்டாலும் முழுக்க அடைத்துவிடுங்கள், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ரெசின் அடியில் இறங்கிவிடும். தடிமனாக ஊற்றக்கூடாது. இறுகும்போது எழும் சூட்டில் தெர்மோகோல் குழிந்துபோகும். இரண்டு மூன்று மில்லிமீட்டராக அடுக்கி ஊற்றுங்கள்.

வண்ணத்தில் ஒரே விதி: தண்ணீர் கலக்கிற பெயிண்ட் மட்டும். ஆயில் பிரைமரும் எனாமலும் தின்னரும் ஸ்ப்ரே டப்பாவும் பலகை தெரியும் இடத்தில் பட்டால் பொசுக்கிக் குழியாக்கிவிடும். பட்டி பூசியிருக்கிறதே என்று நம்பி ஸ்ப்ரே அடிக்கவேண்டாம், ஒரு கீறல் போதும் உள்ளே இறங்க. வாட்டர் பிரைமர் ஒரு கை, அதன் மேல் மண்நிற எமல்ஷன் ஒரு கை. வெள்ளையாக விட்டால் பின்னாளில் எங்கே கீறினாலும் வெள்ளை எட்டிப்பார்க்கும். மண்நிறம் என்றால் கடையில் எண் சொல்லி வாங்குகிற நிறம் வேண்டாம். செங்குன்றம் பக்கத்துச் செம்மண்ணும் ஏரிக்குள் வெடித்துக் கிடக்கும் களிமண்ணும் வேறு வேறு. இரண்டிலும் ஒரு பிடி எடுத்து வந்து, வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, அதன் பக்கத்தில் வைத்து நிறம் கலக்குங்கள். சலித்த மண்ணையே ஈர பெயிண்டின் மேல் தூவலாம், இதைவிட நல்ல தூள் எந்தக் கடையிலும் கிடைக்காது. தூவுமுன் மண்ணுக்குள் ஒரு காந்தத்தை நாலைந்து முறை ஓட்டி எடுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை அப்படியே விட்டால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எப்போது செய்வது என்றும் கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பட்டி வேலை வேண்டாம். காற்றில் ஈரம் இருக்கும்போது பட்டி காய நாள் பிடிக்கும், அவசரப்பட்டுத் தேய்த்தால் பசையாக உருளும். நேர் வெயிலில் காயவைப்பதும் தப்பு. மேல் சீக்கிரம் இறுகிச் சிலந்தி வலையாக விரிசல் ஓடும். தை, மாசி, பங்குனி நல்ல காலம், நிழலில், காற்றோட்டத்தில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பகுதியின் பல தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மேசைக்கு இடுப்புயரமாவது வையுங்கள். எக்ஸ்.பி.எஸ். நனைந்தாலும் பிழைத்துக்கொள்ளும், அடியில் இருக்கும் பிளைவுட் பிழைக்காது.

புணே கோத்ரூடில் பி.எஸ். ஜோஷி 1998-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001 முதல் உலகமே போய்ப் பார்க்கிற லேஅவுட்டும் நம்முடைய அதே ஹெச்.ஓ. அளவுதான். அவை இரண்டையும் பார்க்கப் போகிறவர்கள் ரயிலை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். குனிந்து, தடம் நிலத்தில் இறங்குகிற அந்த விளிம்பைப் பாருங்கள். சென்னையில் அப்படி ஒன்று வரவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. தென்னிந்தியாவின் முதல் தடம் ஓடிய ஊர் இது, பெட்டி கட்டும் ஊரும் இது. வில்லிவாக்கத்தில் 2002-இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே வைக்கத் தகுந்த ஒரு ராயபுரம்–ஆவடி லேஅவுட்டை நம் வட்டாரத்திலிருந்து கொண்டுபோக முடியும். அதற்கான கைகளுக்குக் குறைவில்லை.

இனி மனம் வருந்திச் சொல்லும் ஒன்று. தேய்க்கும்போது பறக்கிற துகளை என்ன செய்கிறீர்கள்? அது நிலைமின்சாரத்தில் கையிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும், விளக்குமாறு எடுத்தால் மேலே எழும்பும். எரிச்சலில் தண்ணீர் ஊற்றி மொட்டைமாடிக் குழாய் வழியாகக் கழுவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழாய் போய்ச் சேரும் இடம் மழைநீர்க் கால்வாய், கால்வாய் போய்ச் சேரும் இடம் ஏரி. கொரட்டூர் ஏரியை மீட்க அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாக நடையாய் நடக்கிறார்கள், பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிருக்கிறார்கள். ஒரு கைப்பிடித் தெர்மோகோல் துகள் தண்ணீரில் மட்காது, மீனும் பறவையும் அதைத் தீனி என்று எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மோகோல் தட்டையும் குவளையையும் தடை செய்ததற்கு இந்தக் குப்பைத் தொல்லையே காரணம். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, கீழே ஈரத்துணி விரித்துத் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்கத் தூசு உறிஞ்சியை ஓட்டுங்கள். சேர்ந்த துகளைக் கட்டி முடிச்சுப்போட்டு உலர் குப்பையில் கொடுங்கள். வெட்டு மிச்சத்தை எரிக்கவே எரிக்காதீர்கள், கரும்புகை தெருவையே மூச்சுத் திணறவைக்கும். பெரிய துண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கரைக்கு ஆகும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பரிசோதனை. கார்க்கை ஊசியால் குத்தி நிறுத்தி, தண்டவாளத்தை ஒட்டாமல் மேலே கிடத்துங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியை எடுங்கள். ஐ.சி.எஃப். பெட்டி என்றால் இந்த அளவில் ஏறக்குறைய 245 மில்லிமீட்டர். இன்ஜின் இல்லாமல் விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டு முழுச் சுற்றும் போங்கள். பெட்டி தலையை ஆட்டினால் அந்த இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள். இரண்டு பெட்டிகளைக் கோத்து மறுபடி தள்ளுங்கள், இந்த முறை கொக்கிகளை மட்டும் பாருங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் அங்கேயும் ஒரு குறி. குறி விழுந்த இடமெல்லாம் தண்டவாளத்தை எடுத்துவிட்டு மறுபடி பட்டி, மறுபடி 220. குறியே விழாத சுற்று ஒன்று கிடைத்த பிறகு பசையைத் திறங்கள்.

மட்டப்பலகையும் நைக்ரோம் வெட்டியும் ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை. அம்பத்தூருக்கு ஒன்று, ஆவடிக்கு ஒன்று, பூந்தமல்லிக்கு ஒன்று என்று பொதுவில் வாங்கி, யார் வீட்டில் பட்டி வேலை நடக்கிறதோ அங்கே அனுப்பிவைப்போம். தை பிறந்ததும் தொடங்கலாம். பெரியவர்கள் யார் யார் தகடு பிடிக்கக் கற்றுத்தர வருகிறீர்கள் என்று அதற்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
திருமுல்லைவாயிலிலிருந்து உங்களில் ஒருவன்